நாலாவது குழாய்

மழை விட்டு இரண்டு நாள்.
வானுக்குள் மட்டும் இன்னும் பெய்கிறது.

துணுக்காய் வளைவில் பிறேக் பிடித்தால்
கூரைக்குள் ஒளிந்திருந்த தண்ணீர்
ஒரே பாய்ச்சலாய் முன்சீற்றுக்கு இறங்கும்.
அது டிலக்சனின் இடம்.
ஐஸ்கிறீம் பெட்டியொன்றை மடியில் வைத்து
ஏந்திப் பிடிப்பது அவன் உத்தியோகம்.
வெயில் நாட்களிலும் பெட்டியை
வேறு யாருக்கும் கொடுக்கமாட்டான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு லைட்ஏஸ்.
குருநாகலில் வாங்கியது,
பாதி லீசிங், பாதி என் காப்பு.
விற்றவர் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரைச் சுரண்டினேன்.
பசை போகவில்லை,
உச்சி வெயிலில் இப்போதும்
ஒரு தாமரை மினுங்கும்.
கூரையில் கண்ணாடி இருக்கிறதென்று
இருபதாயிரம் கூட்டிச் சொன்னார்:
படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்கலாமாம்.
மல்லாவியில் நட்சத்திரம் பார்க்க
யாருக்கு வான் வேண்டும்?

மூன்று தரம் சிலிக்கன்.
முதல் தரம் நானே பூசினேன், விரலால், அவசரமாய்.
இரண்டாம் தரம் கேதீஸ் பாஸ்
கண்ணாடி இனித் திறக்கவே முடியாதபடி அப்பிவிட்டு
"குண்டு விழுந்தாலும் ஒழுகாது" என்றார்.
சொன்னபின் அவரும் நானும்
கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
மூன்றாம் தரம் போன காசைச் சொல்லமாட்டேன்.
ஐயன்கன்குளம் றோட்டில் நாலு பள்ளம்,
பிறகும் ஒழுகியது.

சனி பின்னேரம்
சோடாப் போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு
நானே கூரையில் ஏறினேன்.
முகாமில் கழித்த மாரியில்
ஒன்று மட்டும் விளங்கியிருந்தது:
தண்ணீர் சொட்டுகிற இடம்
அது நுழைந்த இடமில்லை.
தறப்பாளின் தலைமாட்டில் புகுந்து
கயிற்றோடு ஊர்ந்துபோய்
தங்கையின் காலடியில் விழும்.
இருட்டில் கயிற்றை விரலால் தடவித் தடவி
மேலே போகவேண்டும்.

அப்படித்தான் போனேன்.
பிளேட்டால் கீறி, சிலிக்கனை
நீளநீளமாய் உரித்து,
கண்ணாடியை ஒரு சாண் பின்னே தள்ளினால்
சுற்றிவர வாய்க்கால்.
மூலைக்கு ஒன்றாய் நாலு துளை,
கட்டெறும்பு நுழையும் அளவு.

அட.
தண்ணீரைத் தடுக்கவென்று
யாரும் இதைச் செய்யவில்லை.
வரும் என்று தெரிந்தே
யப்பானில் எவளோ எவனோ
போவதற்கு நாலு குழாய் வைத்திருக்கிறார்கள்.
வவுனிக்குளத்துக்கு வான் இருப்பதுபோல
இந்த வானுக்கும் வான்.
நானோ வானை அடைத்துவிட்டு
கட்டுக்கு மண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்,
மூன்று தரம், காசு கொடுத்து.

கம்பி விட்டால் குழாய் கிழியும்.
புல்வெட்டி நைலோனின் முனையைத்
தீக்குச்சியில் உருட்டி மழுக்கி
மெல்ல விட்டேன்.
முதல் மூலையில் செம்மண்,
றோட்டுப் போட்ட காலத்துப் புழுதி.
இரண்டாவதில் குளவி கட்டிய வீடு,
உள்ளே காய்ந்த சிலந்திகள்,
பிறக்காத பிள்ளைக்குச் சேர்த்துவைத்த சாப்பாடு.
அதை உடைக்கக் கொஞ்சம் யோசித்தேன்.
மூன்றாவதில் ஓர் இதழ்,
கறுத்துச் சுருண்டது.
எந்தக் கோயில் வாசலில் நின்றபோது விழுந்ததோ,
எங்களுடையதோ அவர்களுடையதோ,
மணக்கவில்லை.

போத்தலைச் சரித்தேன்.
சில்லுக்குப் பின்னால், கீழே,
சின்னப் பிள்ளை ஒண்டுக்கிருக்கிற சத்தம்.
கூரையில் தனியே இருந்து சிரித்தேன்.
மதிலுக்கு அங்காலே கோழிக்கு அரிசி எறிந்த சந்திரகாந்தி
என்னவென்று கேட்கவில்லை.

நாலாவது, முன் இடப்பக்கம்,
உள்ளே எங்கோ கழன்றுபோயிருக்கிறது.
கூரைத் துணி முழுதும் இறக்கவேண்டும்.
அதற்குள் இருட்டிவிட்டது.

திங்கட்கிழமை மழை.
பின்சீற்றுப் பிள்ளைகள் எல்லாம்
கூரையை அண்ணாந்து பார்த்தபடி வந்தார்கள்,
ஏதோ பறிபோனதுபோல.
துணுக்காய் வளைவு.
பிறேக்.

"அன்ரி, எங்கட மூலை?"
"சனிக்கிழமை பாப்பம்."

டிலக்சன் பெட்டியை நேராக்கினான்.
ஒரு துளி.
எண்ணத் தொடங்கினான்.